எந்த வீட்டுக்கு எந்த ரிக்கார்டு

எந்த வீட்டுக்கு எந்த ஜாஸ் ரிக்கார்டு ஆகும், எது ஆகவே ஆகாது, புதுக் குடித்தனம் வைக்கிறவர்கள் முதலில் எதைக் கொண்டுபோக வேண்டும், மாமியாரோடு இருக்கிறவர்கள் எதைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு போத்தனூரில் இருந்து மட்டுமில்லை, வெள்ளலூர், குறிச்சி, செட்டிபாளையத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். வாசலில் ஆள் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நான் ஆரம்பிப்பதற்குள் யாராவது முடித்துவிடுவார்கள், முடித்தது நான் சொல்ல வந்ததாக இருக்காது. காகிதம் குறுக்கே பேசாது என்பதால் இதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குப் பழைய இரும்புக் கடை. ரயில்வே காலனிக்குப் பின்னால் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா, ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகனிடம் போவதற்காக வீட்டைக் காலி செய்த அன்றைக்கு, இரும்புக் கட்டில், இஸ்திரிப் பெட்டி, கேக் தட்டு எல்லாவற்றோடும் அறுபத்திரண்டு ரிக்கார்டையும் அதைப் பாட வைக்கிற பெட்டியையும் எடைக்குப் போட்டார். வண்டி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி, "வெயில்ல வைக்காதீங்க. அப்புறம், அவங்க கொஞ்சம் பேசுவாங்க, கண்டுக்காதீங்க" என்று சொன்னாராம். இவர் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார். பிளாஸ்டிக்கில் சேர்ப்பதா வேறு எதிலாவது சேர்ப்பதா என்று ஒரு வாரம் குழம்பினார், குழப்பம் தீராததால் மூட்டை வீட்டுக்கு வந்தது, வீட்டுக்கு வந்தது கட்டிலடிக்குப் போனது.

கட்டிலடியில் இருந்து அதை இழுத்தது என் மகள் தர்ஷினி. அப்போது ஒன்றரை வயசு. சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்ளுவாள், ரிக்கார்டு சுற்றுவதைப் பார்த்தால் வாயைத் திறப்பாள். அவள் வாய் திறப்பதற்காக ரிக்கார்டு ஓடியது, வாய் திறந்த நேரம் பார்த்து நான் ஊட்டினேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கன்னம் உப்பின ஆள் படம் போட்ட ரிக்கார்டு ஓடிக்கொண்டிருந்தபோது குக்கர் விசில் அடித்தது. பித்தளைக் குழல் ஊதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். விசில் முடிகிறவரைக்கும் மரியாதையாகப் பொறுத்திருந்தார், பிறகு அதே விசிலை அதே சுருதியில் எடுத்து, வாலை மட்டும் கொஞ்சம் திருகித் திருப்பி ஊதினார். பருப்புக்கு இன்னும் ரெண்டு விசில் பாக்கி இருந்தது. விட்டேன். ரெண்டுக்கும் பதில் வந்தது.

"அடுத்தவிய ஊட்டுக் குக்கருக்கெல்லாம் பதில் சொல்லீட்டு இருக்கறான், இவனுக்கு வேற சோலி இல்லியாட்ட இருக்குது" என்றார் என் அத்தை, அதாவது மாமியார். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இது ஏன் நடக்கிறது என்று எங்கள் வீதியில் ஒருநாள் சாயங்காலம் பேச்சு வந்தது. ஒயரில் கோளாறு என்றார் கேபிள்காரர். சிறுவாணித் தண்ணீரின் குணம் என்றார்கள் சிலர். காலேஜில் வேலை பார்க்கிற ஒருவர், ஜாஸ் வாசிக்கிறவர்கள் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை, அன்றன்றைக்குத் தோன்றுவதை, அடுத்த ஆள் வாசிப்பதைக் கேட்டு, அதற்குத் தகுந்த மாதிரி வாசிப்பார்கள் என்று விளக்கினார். அவர்கள் வழக்கமே அதுதான் என்றால் இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

கேட்க வந்தது துளசியக்கா மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவர், ஜாக்கெட் தைக்கிறவர், மருமகளோடு தினமும் பத்து மணிக்குச் சண்டை பிடிக்கிறவர்.

"ஏனம்மிணி, உங்க ஊட்டு ஊதறவன் எங்க ஊட்டுச் சண்டையில வாய வைக்கறான்" என்றார். "அவ பேசறப்பப் பின்னாடியே நின்னு எடுத்துக் குடுக்கறான். நான் பேசறப்ப மட்டும் உஸ்ஸுனு உக்காந்துக்கறான். இது எந்த ஊரு ஞாயம்?"

"இல்லீங்கக்கா, அது வந்து..."

"தெரியும், தெரியும். அவனுக்கு அவதான் ஒசத்தி. எனக்காகப் பேசற மாதிரி ஒண்ணு குடு, போதும்."

அப்படித்தான் முதல் ரிக்கார்டு எங்கள் வீட்டை விட்டுப் போனது. பாட வைக்கிற பெட்டி இல்லாதவர்களுக்கு இவர் கடைப் பழைய சாமானில் இருந்து ஒன்றை ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிடுவார். அது முரசுக்காரர் ரிக்கார்டு, அட்டை முழுக்கச் சிவப்பு. கொடுத்தது என் தப்பு. துளசியக்காவின் தையல் மிஷின் மிதிக்கிற வேகத்துக்கு முரசு ஈடு கொடுத்தது, முரசுக்கு அக்காவின் கால் ஈடு கொடுத்தது, ஒருத்தரை ஒருத்தர் விடவில்லை. ஒரே காலையில் ஒன்பது ஜாக்கெட் தைத்து முடித்தார். ஒன்பதிலும் ரெண்டு கையும் இடது கை. அதனால் கை வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு முரசு ரிக்கார்டு வேண்டாம். எண்ணெய்ச் செக்குக்காரர் ஒருவர் இன்றைக்கும் விடாமல் கேட்கிறார், நான் கதவுக்குப் பின்னால் நின்று இல்லையென்று தலையாட்டுகிறேன்.

ஒரு தப்புக்குப் பிறகு எங்கள் வீதிக்குப் புத்தி வந்தது. பெண் எடுக்கிற மாதிரிதான் இதையும் எடுக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்தார்கள். வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து, பூவும் பழமும் எடுத்துக்கொண்டு நாலு பேராக வந்து எங்கள் வீட்டில் உட்காருவார்கள். அத்தை பஜ்ஜி போடுவார். நான் ரிக்கார்டை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து வைப்பேன். ஒரு பக்கம் ஓடுகிறவரைக்கும் கேட்பார்கள், வேண்டுமென்றே இருமிப் பார்ப்பார்கள், டம்ளரைத் தட்டிப் பார்ப்பார்கள், பதில் எப்படி வருகிறது என்று கவனிப்பார்கள். "போய்ச் சொல்லி அனுப்பறமுங்க" என்று எழுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே பஜ்ஜி, இதே பேச்சு. அன்றைக்குத் தட்டோடு வந்தது நான், இன்றைக்கு ரிக்கார்டு, அவ்வளவுதான்.

பிடித்திருந்தால் ஜாதகம். அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் பதிவு செய்த தேதியும் ஊரும் போட்டிருக்கும். நஞ்சப்ப ஜோசியர் அதை எழுதிக்கொண்டு போய் முதல் வாரம் தூங்கவில்லை.

"இதுல ஒரு சிக்கல் இருக்குதுங்" என்றார் வந்து. "நியூயார்க்குல பொழுது கெளம்பறப்ப நமக்குப் பொழுது எறங்குது. அப்ப இது நேத்துப் பொறந்ததா, இன்னைக்குப் பொறந்ததா? அதும் போக, முன்பக்கம் ஒரு நாளு வாசிச்சிருக்கறான், பின்பக்கம் ஆறு நாள் கழிச்சு வாசிச்சிருக்கறான். ஒரே ஒடம்புல ரெண்டு நட்சத்திரம்."

"பெத்தவிய எங்க இருந்தா என்னுங்க, பொழைக்கறது போத்தனூர்லதான?" என்றார் அத்தை. ஜோசியர் அதையே பிடித்துக்கொண்டு போத்தனூர்ச் சூரிய உதயத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கணித்தார். பத்துப் பொருத்தத்தில் ஆறு இருந்தால் கொடுக்கலாம்.

அட்டையில் எழுதியிருப்பதை என் ஏழாம் வகுப்பு இங்கிலீஷை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும் என்பதால், படத்தைப் பார்த்துத்தான் எங்களிடம் பேர். வாங்கி வைக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இது. புதுக் குடித்தனத்துக்கு முதலில் ஆள் உயரப் பிடில்காரர். பெரிய வயலினை நிற்க வைத்து விரலால் சுண்டுகிறவர், அட்டையில் கண்ணை மூடியிருப்பார். வீட்டில் என்ன நடந்தாலும் 'ம்ம், ம்ம்' என்று கீழே நடந்துகொண்டே இருப்பார், யார் பக்கமும் சேர மாட்டார். கல்யாணமான முதல் வருசம் இப்படி ஒருத்தர் வீட்டில் இருப்பது நல்லது. சாவு விழுந்த வீட்டுக்குப் பூப்போட்ட கவுன்காரம்மா. என்ன பாஷையில் அழுதாலும் அந்த அம்மா கூடவே முனகுவார், பதினாறாம் நாள் முடிந்ததும் தானாகவே கொஞ்சம் வேகமாகப் பாட ஆரம்பித்து, எல்லோரையும் எழுந்து குளிக்க வைத்துவிடுவார். பதினாறு பேர் கோட்டுப் போட்டு வரிசையாக நிற்கிற ரிக்கார்டை ஒண்டுக்குடித்தனக்காரர்கள் எடுக்க வேண்டாம், இடம் பத்தாது.

வாய் ஓயாமல் பேசுகிற ஆள் இருக்கிற வீட்டுக்கு ரெட்டைச் சாக்சபோன். எங்கள் வீதியில் அது கிட்டுசாமி அண்ணன் வீட்டுக்குப் போனது. அந்த ரிக்கார்டில் ரெண்டு பேர். ஒருத்தர் எட்டு வரி ஊதிவிட்டு நிறுத்துவார், அடுத்தவர் எட்டு வரி ஊதுவார், அவர் நிறுத்தினால் இவர். கிட்டுசாமி அண்ணன் பேசும்போது ரெண்டு பேரும் பொறுமையாக எட்டு வரி கேட்பார்கள், ஒன்பதாவது வரியில் மேலே ஏறி ஊதிவிடுவார்கள். அண்ணன் கத்திப் பார்த்தார், பெட்டியை நிறுத்திப் பார்த்தார், நிறுத்திய பிறகும் அவர் வாய் எட்டு வரியில் தானாக நின்றது. முப்பது வருசமாக ஒரு வாக்கியத்தையும் முடிக்காத அவர் சம்சாரம் ஜோதிமணியக்கா அன்றைக்குத் தன் பங்குக்கு எட்டு வரி பேசிவிட்டு, அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதுவிட்டார். பிறகு குழாயடியிலும் அந்த முறையே வந்தது. ஒருத்தி எட்டு வரி திட்டுவாள், மற்றவர்கள் குடத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பார்கள், பிறகு அடுத்தவள். குடமெல்லாம் முன்னைவிடச் சீக்கிரம் நிரம்பியது.

இப்படி அறுபத்திரண்டில் அறுபத்தொன்று போனது. ஒன்று மட்டும் போகவில்லை. நான் அதை யாருக்கும் காட்டவில்லை.

அட்டையில் ஒரு ஆள் தொப்பியோடு பியானோ முன்னால் உட்கார்ந்திருப்பார், முகம் பாதிதான் தெரியும். எங்கள் அடுப்படியில் காலையில் அத்தை கோயிலுக்கும் இவர் கடைக்கும் போன பிறகு அதை வைப்பேன். பின்னால் முரசுக்காரர் தோலை அடிக்க மாட்டார், வாசல் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் பெருக்குவார். தொப்பிக்காரர் ஒரு வரி வாசிப்பார். வாசித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். முதல் நாள் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, திரும்பிக்கூடப் பார்த்தேன். அடுப்படியில் நானும் இடுப்பில் தர்ஷினியும்தான். ரெண்டாம் நாள் பயந்துகொண்டே 'ம்' என்றேன். அந்த 'ம்'மை அவர் எடுத்து, மூன்று விரலில் வைத்துப் பார்த்து, இப்படியா என்று திருப்பிக் கேட்டார். அப்படியில்லை என்று நான் இன்னொரு 'ம்' போட்டேன். அதற்கப்புறம் ஒரு வருசம், தினமும், வெங்காயம் அரியும்போதும் தோசை வார்க்கும்போதும், நான் ராகம் இழுத்தால் கேட்டார், இழுக்காவிட்டால் காத்திருந்தார், பாதியில் மறந்து நின்றால் அவரும் நின்றார். பிறந்ததில் இருந்து எனக்காக யாரும் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அதைத் தேடிக்கொண்டுதான் ஜெகந்நாதன் சார் வந்தார்.

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடு, மில் வைத்திருந்து மூடினவர், பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு அறை கட்டியிருக்கிறவர். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அச்சடித்த லிஸ்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நட்சத்திரம்.

"இங்க பாரும்மா. ஒரு வீட்டுல ஜாஸ் கலெக்‌ஷன் இருக்குன்னு சொல்லிக்கணும்னா இந்த இருபத்தஞ்சு கட்டாயம் இருக்கணும். இருபத்திநாலு எங்கிட்ட இருக்கு. முதல் வரியில இருக்கிற இந்தத் தொப்பி போட்ட பியானோக்காரர் ரிக்கார்டு, அந்த ஒண்ணுதான் இல்லை. அது இல்லாம மத்ததெல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை."

"அடப் பாவமே" என்றார் அத்தை. "இத்தனை வருசமா எப்படித்தான் தாக்குப் புடிச்சீங்களோ."

சென்னியப்பன் கட்டிலடியில் குனிந்து எடுத்து நீட்டினார். அவருக்கு அது மிச்சம் கிடந்த ஒன்று. ஜெகந்நாதன் சார் அட்டையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூடின மில்லுல பழைய மிஷின் எல்லாம் அப்படியே கிடக்கு, சென்னியப்பன். நீயே வந்து எடுத்துக்க. வேற கடைக்காரன் யாருக்கும் சொல்லலை."

பழைய இரும்புக் கடைக்காரருக்கு மூடின மில் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவர் முகம் எங்கள் கல்யாணத்தன்று கூட அப்படி இருந்ததில்லை. சேதி வாசலுக்குப் போனது, வாசலில் இருந்து வீதிக்குப் போனது, நல்ல பெரிய இடம், ஏசி ரூம், மாமியார் நாத்தனார் பிடுங்கல் இல்லை என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். நஞ்சப்ப ஜோசியர் அங்கேயே உட்கார்ந்து பொருத்தம் பார்த்து, பத்துக்கு ஒன்பது என்றார்.

"உங்க வீதியில இது பேசும்னு ஏதோ சொல்றாங்களே" என்று கேட்டார் சார். "எங்க ரூம்ல அந்தத் தொந்தரவெல்லாம் இருக்காது. ஒரு சத்தம் உள்ளே வராது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ இதை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டிருக்கியாம்மா?"

"அதுக்கெங்கீங்க நேரம், கைக்கொழந்தைக்காரி" என்றார் ஜோசியர்.

"வசந்தா, உனக்குச் சம்மதந்தான?" என்று முறைக்குக் கேட்டார் இவர்.

"அது வந்து..." என்றேன்.

"அவளுக்கென்னடா, சம்மதந்தான்" என்றார் அத்தை. என் கல்யாணத்தில் இதைச் சொன்னது எங்கள் சித்தப்பா.

வெள்ளிக்கிழமை காலை அனுப்பினோம். மஞ்சள் துணியில் சுற்றி, வெற்றிலை பாக்கு, வெல்லம், புது ஊசி ஒன்று வைத்துத் தட்டில் கொடுத்தோம். துளசியக்கா ஆரத்தி எடுத்து, துணியை விலக்கி அட்டையின் மூலையில் குங்குமம் வைக்கப் போனபோது, "ஐயோ, பொட்டு வச்சா மதிப்புப் போயிரும்" என்று ஜெகந்நாதன் சார் தட்டைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறினார். தர்ஷினி கை காட்டினாள். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன், மூன்று தண்ணீருக்குப் பதில் ஏழு தண்ணீர் களைந்தேன்.

நாலாம் நாள் சாரிடம் இருந்து போன் வந்தது. ரிக்கார்டு வாசிக்கவில்லை. அதாவது, முரசுக்காரர் பெருக்குகிறார், பிடில்காரர் நடக்கிறார், பியானோ மட்டும் ஒரு வரி வாசித்துவிட்டு நின்றுவிடுகிறது, நாற்பது நிமிசமும் அப்படியே. மெட்ராஸில் இருந்து வந்த சிநேகிதர்கள் முன்னால் மானம் போய்விட்டது. குறை உள்ள பொருளைத் தலையில் கட்டிவிட்டீர்கள், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மில் பக்கம் வர வேண்டாம்.

எங்கள் வீதிக்கு இது புதுசில்லை. கட்டிக் கொடுத்த இடத்தில் தகராறு என்றால் நாலு பெரியவர்கள் போய்ப் பேசித்தான் முடிப்பது. அடுத்த நாள் காலை ஜோசியர், துளசியக்கா, அத்தை, இவர், தர்ஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான், எல்லோரும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ரேஸ்கோர்ஸ் பஸ் ஏறினோம்.

அந்த அறையை என்ன சொல்வது? சுவரெல்லாம் மெத்தை. கடிகாரத்தில் முள் ஓடுகிறது, சத்தம் இல்லை. காற்றாடி இல்லை. ஜெகந்நாதன் சார் உதட்டில் விரலை வைத்து எங்களை வரிசையாக உட்கார வைத்தார். ரிக்கார்டு ஓடும்போது அந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது, வேலைக்காரர்கள் நடக்கக்கூடாது, அவர் சம்சாரம் லோகநாயகி அம்மா வாசற்படியைத் தாண்டக்கூடாது. அந்த அம்மா காப்பித் தட்டோடு படிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ஊசி இறங்கியது. பெருக்கல் ஆரம்பித்தது. தொப்பிக்காரர் ஒரு வரி வாசித்தார், கையை மடியில் வைத்தார்.

ஜோசியர் தொண்டையைச் செருமினார். பதில் இல்லை. எங்கள் வீட்டுக்காரர், "சார், நல்லா வாசிச்ச பொருள்தானுங்க" என்றார். பதில் இல்லை, சார் முறைத்தார். மறுபடி ஒரு வரி. மறுபடி காத்திருப்பு.

எனக்குத் தெரியும் அந்த இடம். ஒரு வருசமாக நான் நின்ற இடம் அது. ஒரு 'ம்' போட்டால் போதும், அவர் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், சார் முகம் மலரும், மில் இவருக்கு, தொப்பிக்காரர் இந்த மெத்தைச் சுவருக்குள்ளேயே. போடாவிட்டால் மில் போய்விடும், தொப்பிக்காரர் மஞ்சள் துணியோடு என் மடியில் உட்கார்ந்து போத்தனூர் வந்துவிடுவார். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பது. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு என்ன கஷ்டம்? யாருக்கும் சந்தேகம்கூட வராது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன், அது எப்போதும் போலவே இருந்தது.

அப்படியே இருந்திருப்பேன். தர்ஷினி சிணுங்கினாள் என்று படிப்பக்கம் திரும்பினேன். லோகநாயகி அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் கையை எடுத்ததும் அந்த அம்மா மூச்சை இழுத்தார், எங்கள் அடுப்படியில் நான் இழுப்பேனே அதே இடத்தில், அதே அளவுக்கு. பிறகு சாரின் விரலைப் பார்த்தார். இழுத்த மூச்சை மூக்கு வழியாகச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். அடுத்த வரி வந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி விட்டார். நாலு நாளாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. நாலு நாள் இல்லை, அதற்கும் மேலே.

"அம்மா" என்றேன். என் குரல் அந்த அறைக்குள் எனக்கே புதுசாக இருந்தது. "நீங்க சொல்லுங்கம்மா. அவரு உங்களுக்குத்தான் காத்துட்டு இருக்கறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் முடித்து வைக்கவில்லை, ஏனென்றால் நான் முடித்திருந்தேன்.

லோகநாயகி அம்மா சாரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"காப்பி ஆறுது" என்றார்.

தொப்பிக்காரர் எடுத்துக்கொண்டார். காப்பி ஆறுது என்பதை அந்த அம்மா சொன்ன மாதிரியே ஒருமுறை வாசித்தார், கீழே போய் ஒருமுறை, ஆறுமா என்று கேட்கிற மாதிரி ஒருமுறை. பிடில்காரர் வேகமாக நடந்தார். அம்மா சிரித்துவிட்டார். "இதுல சக்கரையும் போடலைங்க" என்றார், அதுவும் கிளம்பியது. "இந்த ரூமைக் கட்டி ஒம்பது வருசமாச்சு. நான் உள்ள வந்து ஒம்பது வருசமாச்சு." அதையும் அவர் வாசித்தார், அழுகிற மாதிரியும் இல்லை, சிரிக்கிற மாதிரியும் இல்லை, ஆமாம், ஒன்பது வருசம் என்கிற மாதிரி.

"லோகு, நீ கொஞ்சம்..." என்றார் ஜெகந்நாதன் சார்.

பியானோ நின்றது. சார் வாயை மூடினார். பியானோ காத்திருந்தது, அம்மா பேசினார், வாசித்தது. லிஸ்டில் முதல் நட்சத்திரம் போட்ட ரிக்கார்டு ஒருவழியாக அவர் வீட்டில் ஓடியது, சம்சாரம் பேசப் பேச. சார் எழுந்து போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவுக்குப் போட்டார்.

அம்மா பேச்சில் தன் கல்யாணமான வருசத்துக்கு வந்திருந்தார். மில்லுக்கு எப்போது போகலாம் என்று கேட்க நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்தோம், இடைவெளி கிடைக்கவில்லை. கடைசியில் சார் ஜாடையிலேயே நாளைக்கு என்று காட்டினார். ஆறின காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

பஸ் உக்கடம் வந்தது. தர்ஷினி தூங்கிவிட்டாள். என் மடியில் அவளைத் தவிர ஒன்றும் இல்லை.

"அந்தாளு அந்தம்மாவுக்குக் காத்துட்டு இருக்கறான்னு உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் இவர்.

சொன்னேன். அடுப்படி, வெங்காயம், 'ம்', ஒரு வருசம், எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னதால் சொல்ல முடிந்தது.

"கேட்டியாடா" என்றார் அத்தை, கை மோவாய்க்குப் போனது. "நாம அக்கட்டாலப் போனதும் இவ ஒரு ஆம்பளை கூட..."

"தொப்பியெல்லாம் போட்ட ஆளு வேற" என்றார் முன் சீட்டில் இருந்து துளசியக்கா.

இவர் முகம் இறுகியது. மூடின மில் முழுசும் கையில் இருக்கிற ஆள், ஆத்துப்பாலம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உம்மென்று வந்தார். பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"அப்படி என்னத்தப் பாடுவே அவன்கிட்ட?"

"அது வந்து..."

அத்தை வாயைத் திறந்தார். இவர் கையைக் காட்டினார், அத்தை மூடிக்கொண்டார். பிறகு இவர் முன் சீட்டுக் கம்பியில் விரலால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார், தட்டிவிட்டு நிறுத்தினார், நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளம் சுத்தமாகத் தப்பு. ஆனால் இடம் விட்டிருந்தார்.